உயிரைக் கொடுப்பேன் என்று சொல்லலாமா?

சென்ற மாதம் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்திருந்தோம். நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் வந்து ஸலாம் கூறி அருகில் உட்கார்ந்தார். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் நிலைய அலுவலர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தவர். எழுத்துத் தேர்விலும் உடல்திறன் தேர்விலும் தேறிவிட்டார். நேர்முகத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அதற்குரிய மதிப்பெண் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் வேலையை இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

"சாச்சா, நீங்கள் அதிகாரியாக இருந்து கேளுங்கள், நான் பதில் சொல்லிப் பார்க்கிறேன்" என்றார். நமக்கும் இரவு உணவுக்கு இன்னும் நேரமிருந்தது. நோட்டுப் புத்தகத்தை வாங்கிக் கேட்கத் தொடங்கினோம்.

தொழில் சம்பந்தமான கேள்விகளுக்கு மிக நன்றாகப் பதில் சொன்னார். எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பை அணைத்து மூடி போட்டு மூட வேண்டும். மின்சாரத்தைத் துண்டிக்காமல் நீர் பாய்ச்சக்கூடாது. நெருப்பைவிடப் புகையே அதிகம் பேரைக் கொல்கிறது. ஆகவே புகை நிறைந்த அறையில் தரையோடு தவழ்ந்துதான் வெளியேற வேண்டும். (வாசக சகோதரிகள் இதை ஒருமுறைக்கு இருமுறை படித்துக் கொள்வார்களாக!)

பிறகு, "இந்த வேலைக்கு வர விரும்புவது ஏன்?" என்று கேட்டோம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை எதிர்ச்சுவரில் நிறுத்தி, "சிறு வயது முதலே மக்கள் சேவைதான் என் இலட்சியம். பிறர் உயிரைக் காக்க என் உயிரையும் கொடுப்பேன்" என்று ஒப்பித்தார்.

"இதை எழுதியது யார் தம்பி?"

"பயிற்சி வகுப்பில் கொடுத்தார்கள்."

"உமக்கு மட்டுமா?"

"எல்லோருக்கும்தான் சாச்சா."

இருவருமே சிரித்துவிட்டோம். அவருடைய கதை நமக்குத் தெரியாததல்ல. வாப்பாவின் தையற்கடை மூடி இரண்டு வருஷமாயிற்று. கீழே இரண்டு தங்கைகள். நான்கு வேலைகளுக்கு விண்ணப்பித்தார், இது கூடி வந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? குடும்பத்துக்கு ஹலாலான உணவைத் தேடிப் புறப்படுவதும் நல்ல அமல் என்றுதானே நாம் கற்றிருக்கிறோம்?

ஆனால் அவர் ஒரு வாதம் சொன்னார்; அது நம்மைச் சற்று மடக்கியது. "கேட்கிற அதிகாரிக்கும் இது மனப்பாடம் என்று தெரியும். கடிதத்தில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுவதில்லையா? யாரையும் ஏமாற்றாத சொல் எப்படிப் பொய்யாகும்?"

அன்றிரவு வீடு திரும்பிய பிறகும் இதையே சிந்தித்தோம். தன் திறமையைத் தானே எடுத்துரைப்பது தவறல்ல. நபி யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம், களஞ்சியங்களைக் காக்கவும் நிர்வகிக்கவும் தமக்கு ஆற்றல் இருப்பதைச் சொல்லியே அப்பொறுப்பைக் கேட்டார்கள். ஆனால் அவர்கள் சொன்னது தம்மிடம் இருந்ததை. நம் இளைஞர் சொன்னதோ அவரே இன்னும் அறியாத ஒன்று. நெருப்பின் முன் நின்று பார்க்காதவர் அங்கே தாம் என்ன செய்வோம் என்பதை எங்ஙனம் அறிவார்? 'நலம்' என்று எழுதுவது உபசாரம். உயிரைத் தருவேன் என்பது வாக்குறுதி. வாக்குறுதியை உபசாரமாக்கிவிட்டால், பிறகு உண்மையாகவே வாக்குக் கொடுக்க எந்தச் சொல்லை எடுப்பது?

இன்னொன்றும் உண்டு. உயிரைக் கொடுப்பேன் என்பது அந்தத் தொழிலுக்கே சரியான விடையல்ல. நச்சுக் காற்று நிறைந்த கிணற்றில் ஒருவர் மயங்கி விழுகிறார். காப்பாற்ற மற்றொருவர் குதிக்கிறார். அவரைக் காப்பாற்ற மூன்றாமவர். மூன்று ஜனாஸாக்கள். பயிற்சி பெற்றவரோ சுவாசக் கருவி அணிந்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிறுத்தி, அதன் பிறகே இறங்குகிறார். தாமும் ஏறி வர வேண்டும் என்பது அவர் கடமையின் பாதி.

1944 ஏப்ரல் 14-ல் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றியிருந்த கப்பல் தீப்பற்றி வெடித்தது. அதில் மாண்ட 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாகவே ஆண்டுதோறும் அந்நாள் தீயணைப்போர் தினமாக அனுசரிக்கப்படுகிறது. அவர்கள் அன்று சாவதற்காகப் போகவில்லை. அணைப்பதற்குப் போனார்கள்.

மறுநாள் அவரை மீண்டும் அழைத்தோம். இம்முறை புத்தகத்தில் இல்லாத கேள்வி.

"நிலைய அலுவலராகிவிட்டீர். உம் வருங்கால மாமனார் திருமண மண்டபம் கட்டுகிறார். வெளியேற ஒரே வாசல். ஜமாஅத்தின் பெரிய மனிதர்கள் சிபாரிசுக்கு வருகிறார்கள். பார்வையிட்டு என்ன எழுதுவீர்?"

அவர் பதில் சொல்லவில்லை. நெருப்புக்குள் நுழைய ஒப்புக்கொண்ட வாய் இங்கே மூடிக்கொண்டது. நாம் அவரைக் குறை கூற மாட்டோம். நெருப்பில் துணிவு காட்டினால் ஊர் புகழும். ஒரு கையெழுத்தை மறுத்தால் ஊரே பகைக்கும். ஆனால் எத்தனையோ உயிர்கள் அந்தக் கையெழுத்தில்தான் நிற்கின்றன. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகினார்களே, சமையற்கூடத்துத் தீ கூரைக்குத் தாவியபோது தப்பிக்க வழி அவர்களுக்கு இருந்ததா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகளில் 28 பேர் மாண்டார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். தீ வண்டி எத்தனை வேகமாக வந்தால்தான் என்ன? அந்தச் சங்கிலிகளை அதற்கு முன் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! ஜியாரத்துக்குப் போய் வந்த நம்மவர்களும் பார்த்திருப்பார்கள்.

மத்யனில் ஒரு பெண் நபி மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்தும்படி தன் தந்தையிடம் சொன்னபோது இரண்டு தகுதிகளைக் கூறினாள் என்று குர்ஆனில் வருகிறது: வலிமை, நம்பகம். ஓடவும் ஏறவும் வைத்து முதலாவதை அளந்துவிடுகிறார்கள். இரண்டாவதை அளக்கத்தான் எதிரே உட்கார வைக்கிறார்கள் போலும்.

வெகுநேரம் கழித்து இளைஞர் வாய் திறந்தார். "ஏன் வருகிறாய் என்றால், வீட்டுக்குச் சம்பளம் வேண்டும், வேலையைச் சரியாகச் செய்வேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த மண்டபக் கேள்விக்கு மட்டும் இன்னும் விடை தெரியவில்லை." பிறகு அண்ணாந்து மேலே பார்த்தார். "சாச்சா, நம் மதரஸா மாடிக்கு எத்தனை படிக்கட்டு?"

ஒன்று. பின்புறம் இன்னொன்று உண்டு. அதன் கதவு வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது, எதிரில் சைக்கிள்கள். மேலே தினமும் மாலை அறுபது பிள்ளைகள் ஓதுகிறார்கள். அந்த மதரஸாவின் நிர்வாகக் கமிட்டியில் நாமும் ஒருவர். ஏழு ஆண்டுகளாக.

சாவி யாரிடம் என்று விசாரித்தோம். முத்தவல்லியிடம் இல்லை, மோதினாரிடமும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பூட்டை உடைப்பதென்று முடிவாகியிருக்கிறது. இளைஞருக்கு நேர்முகத் தேர்வு அதற்கடுத்த வாரம்.