எதிர்த்துப் பேசியவரோடு அடுத்த நாள்

ஒரே தெருவில் குடியிருந்துகொண்டு ஒருவரோடு ஒருவர் முரண்படுவது எப்படி? நகரத்தில் இருந்தவரை இந்தக் கேள்வி எனக்கு எழுந்ததில்லை. பிடிக்காதவர் முகத்தில் விழிக்காமலேயே அங்கே காலத்தை ஓட்டிவிடலாம். சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊரில் அது நடக்காது. இன்று யாரை எதிர்த்துப் பேசினோமோ, நாளை அவரிடம்தான் ஏணி இரவல் கேட்க வேண்டியிருக்கும்.

கிழக்கு இங்கிலாந்தில் அப்படியொரு சிற்றூருக்குக் குடிவந்த பிறகுதான் பாரிஷ் கவுன்சில் என்னும் ஊர்ச்சபையைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். 1894 வரை இங்கே ஊர்க்காரியங்களைக் கவனித்தது தேவாலயத்தைச் சேர்ந்த வெஸ்ட்ரி கூட்டம். பெரும்பாலான ஊர்களில் பாதிரியாரும் நிலக்கிழாரும் பெரிய பண்ணைக்காரர்களும் சொன்னதுதான் முடிவு. அந்த ஆண்டு வந்த சட்டம் ஊர் நிர்வாகத்தைத் தேவாலயத்திலிருந்து பிரித்து, மக்கள் தேர்ந்தெடுக்கும் சபையிடம் கொடுத்தது. 1894 டிசம்பரில் முதல் தேர்தல் நடந்தது. பண்ணையில் கூலிக்கு உழைப்பவர் தன் முதலாளிக்கு எதிரே போட்டியிடலாம் என்று ஆனது. பெண்களும், மணமானவர்கள் உட்பட, நிற்கலாம். நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடவே பெண்கள் 1918 வரை காத்திருந்தார்கள் என்பதை நினைத்தால், இந்தச் சின்ன சபை எவ்வளவு முன்னால் நடந்திருக்கிறது என்று விளங்கும்.

இன்று இங்கிலாந்தில் இப்படிச் சுமார் 10,000 சபைகள் இருக்கின்றன. கவுன்சிலர்களுக்குச் சம்பளம் இல்லை. கணக்கையும் கடிதங்களையும் பார்த்துக்கொள்ளும் கிளார்க் ஒருவருக்குத்தான் சம்பளம். பிள்ளைகள் விளையாடும் திடல், இடுகாடு, பஸ் நிழற்குடை, காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் துண்டு நிலங்கள் என்று வேலைகள் சிறியவை. செலவுக்கான பணம் கவுன்சில் வரியோடு சேர்ந்து வசூலாகிறது. வீடு கட்ட அனுமதி தருவது மேலே இருக்கும் மாவட்டக் கவுன்சில். இவர்கள் கருத்து மட்டும் சொல்லலாம்.

ஆனால் அந்தக் கருத்தைச் சொல்வதற்குள் ஊர் இரண்டுபட்டுவிடும். எங்கள் ஊர்க் கோடியில் ஒரு வயலில் வீடுகள் கட்ட விண்ணப்பம் வந்தது. பிறந்த ஊரில் வீடு வாங்க வழியில்லாமல் தன் மகள் வெளியூர் போய்விட்டாள் என்று ஒரு தாய் பேசினார். மழைக்காலத்தில் அந்த வயல் குடிக்கும் தண்ணீரெல்லாம் இனி என் வீட்டுக்குள்தான் வரும் என்று ஒரு பெரியவர் பேசினார். இருவர் சொன்னதும் உண்மை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசவில்லை, தலைவரைப் பார்த்தே பேசினார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். பிறகு கவுன்சிலர்கள் கை தூக்கினார்கள். கூட்டக் குறிப்பில் முடிவும் காரணமும் ஏறின. யார் குரல் தழுதழுத்தது, யார் முகம் சிவந்தது என்பதெல்லாம் ஏறவில்லை.

இந்தச் சம்பிரதாயங்களை வறட்டுச் சடங்கு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவை அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உபகாரமாகத் தெரிகின்றன. எதைப் பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள் என்பதை மூன்று முழு நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். ஞாயிறும் பொது விடுமுறையும் அந்தக் கணக்கில் சேராது. அதனால் யாரையும் திடீரென்று மடக்க முடியாது. கோபம் வந்தவருக்கு அது ஆறவும் நேரம் கிடைக்கிறது. வேறு இடம் கிடைக்கும்போது மது விற்கும் இடத்தில் கூட்டம் கூடாது. பேசப்படும் விஷயத்தில் தனக்குப் பண ஆதாயம் உள்ளவர் அதைத் தானே சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். இந்தக் கடைசி விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'அவருக்குத்தானே காண்ட்ராக்ட்' என்று ஊர் முழுக்க வருஷக்கணக்கில் முணுமுணுத்துத் திரிவதை அது முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

இங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. பல ஊர்களில் நிற்க ஆள் இல்லாமல் தேர்தலே நடப்பதில்லை. காலி இடத்துக்குக் கவுன்சிலர்களே ஆள் சேர்க்கிறார்கள். வருகிறவர்களில் ஓய்வு பெற்றவர்கள் அதிகம். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பிள்ளைகளைத் தூங்க வைக்கும் தாய்மாருக்குக் கூட்டம் நடக்கும் நேரம் ஒத்துவருவதில்லை. அவர்கள் வராத சபையில் விளையாட்டுத் திடல் எப்போதும் கடைசியில்தான் நிற்கும். இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

தமிழ்நாட்டில் என் சொந்த ஊரை நினைக்காமல் இதைப் பார்க்க முடியவில்லை. அங்கே சட்டத்துக்குக் குறைவில்லை. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. பாரிஷ் கவுன்சில் கூட்டத்தில் ஊர்க்காரர்கள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். கிராம சபையிலோ வாக்காளர் அத்தனை பேரும் உறுப்பினர்கள். உரிமை அங்கேதான் பெரியது. ஆனால் சபையை நடத்தும் உறவுக்காரரிடம் "பெரியப்பா, தீர்மானத்த ஒருவாட்டி வாசிச்சுட்டுக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்க" என்று கேட்க நாக்கு எழாது. கேட்டால் அது தீர்மானத்தைப் பற்றிய கேள்வியாக நிற்காது, பெரியப்பாவின் நாணயத்தைச் சந்தேகித்ததாகிவிடும். அடுத்த கல்யாணத்தில் பேச்சுவார்த்தை இருக்காது. உறவுக்காரர்களான நாங்கள் கேட்காமலிருப்பது வெறும் தாட்சண்யம். யார் நாற்காலியில் உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானிக்கும் ஊரில், ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் மௌனத்துக்குக் காரணம் பயம். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி 'எங்க ஊர்ல பிரச்சினையே இல்ல' என்று பெருமைப்படுவது பெரும் தவறு.

1894-இல் இங்கிலாந்துக்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டதை இதனால்தான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். நிலக்கிழாரின் நல்ல மனதை நம்பியிருந்தால் கூலியாளுக்குப் பேசும் முறை வந்திருக்காது. விதி இருந்தால், கேட்பவர் துணிச்சல்காரராக இருக்க வேண்டியதில்லை. அவர் வரிசை வரும், அவர் கேட்பார்.

காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே வசித்தால் உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுப் போடலாம். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருந்தால் போட்டியும் இடலாம். இந்தியக் குடிமகனான என்னை நிற்கச் சொல்லி அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்குள் அடுத்த கூட்டத்துக்குத் தெருவிளக்கு விஷயம் வருகிறது. நட்சத்திரம் தெரிய வேண்டும், செலவும் குறையும், நள்ளிரவில் விளக்கை அணைத்துவிடலாம் என்பது பக்கத்து வீட்டுக்காரர் கட்சி. முதியோர் இல்லத்தில் வேலை முடித்து அந்நேரத்தில் சைக்கிளில் திரும்பும் பெண்களுக்காக அது எரிய வேண்டும் என்பது என் கட்சி. எதிர்த்துப் பேசப் போகிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். அந்தப் பெண்களையும் கூட்டத்துக்குக் கூட்டிவரச் சொன்னார்.