தியாகமும் பலியும்

1935 மார்ச் 6 அன்று வாஷிங்டனில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் இறந்த பிறகு அவருடைய துணி அலமாரியில் இரண்டு பழைய ராணுவச் சீருடைகள் கிடைத்தன. கூடவே ஒரு சீட்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தாம் உடுத்தியவை இவை, இவற்றில் உள்ள கறை தம்முடைய ரத்தம் என்று அதில் எழுதியிருந்தார். எழுபது ஆண்டுக்கு மேல் அந்தக் கறை துவைக்கப்படாமலே இருந்தது. 1861இல் மார்பில், 1862இல் கழுத்தில், 1863இல் குதிகாலில் என்று மூன்று முறை குண்டடி பட்டுப் பிழைத்தவர் அவர். 1882 முதல் 20 ஆண்டுகள் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாகவும், அதில் கடைசி மூன்றாண்டு தலைமை நீதிபதியாகவும் இருந்தார். பிறகு 1932 வரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தார். அந்தச் சீருடையை முன்வைத்து ஒரு கேள்வியை விசாரிக்க வேண்டியிருக்கிறது. தன் உயிரைக் கொடுக்கத் துணிந்த ஒருவனுக்கு, அந்தத் துணிவினாலேயே அடுத்தவரிடம் தியாகம் கேட்கும் உரிமை வந்துவிடுமா? வராது என்பதே என் வாதம். 'ஊர் நன்மைக்காக' என்ற சொல்லை அடிக்கடி கேட்க நேர்கிற மும்பைத் தாராவிக்கு இது தூரத்துக் கேள்வி அல்ல.

போர் அவருக்கு நல்லதும் செய்தது, அதை மறைக்கக் கூடாது. தங்கள் கொள்கையில் துளியும் சந்தேகம் இல்லாத இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கொன்று குவித்ததை இருபது வயதில் பார்த்தவர், எந்தக் கொள்கையையும் முற்ற முடிந்த உண்மையாக ஏற்க மறுத்தார். 1896இல் பாஸ்டனில் மரச்சாமான் பட்டறை ஒன்றில் வேலைநிறுத்தம் நடந்தது. முதலாளியின் கடைவாசலில் தொழிலாளர் இருவர் மாறி மாறி நின்று, வேலைக்கு வருபவர்களிடம் வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீதிமன்றத்தின் பெரும்பான்மை அதைத் தடைசெய்தது. ஹோம்ஸ் மாறுபட்டார்: முதலாளிகள் ஒன்றுசேரலாம் என்றால் தொழிலாளர்களும் அமைதியாக ஒன்றுசேர்ந்து போட்டியிடலாம் என்றார். 1919இல், ரஷ்யாவுக்கு அமெரிக்கப் படை அனுப்பியதை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் அச்சிட்டவர்களுக்கு விதித்த தண்டனையை எதிர்த்தும் எழுதினார். நம் எண்ணமே தவறாக இருக்கலாம் என்ற அடக்கம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. காயம் தந்த ஞானம் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

அதே காயம்தான் இன்னொன்றையும் தந்தது. 1895இல் ஹார்வர்டில், போர்வீரனின் நம்பிக்கை என்ற தலைப்பில் பேசினார். மதங்கள்மேல் அவருக்குப் பிடிப்பு இல்லை. ஆனால் காரணம் முழுதும் புரியாமலே, கட்டளைக்குப் பணிந்து உயிரை எறிகிற வீரனின் நம்பிக்கையைத் தொழத்தக்கதாகவே பேசினார். 32 ஆண்டு கழித்து, 1927 மே 2 அன்று, அந்த நம்பிக்கை தீர்ப்பாக வந்தது. வழக்கு கேரி பக் என்ற ஏழைப் பெண்ணைப் பற்றியது. மனவளர்ச்சி குன்றியவள் என்று வெர்ஜீனியாவில் ஒரு காப்பகத்தில் அடைத்து, அவளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய மாநிலம் விரும்பியது. ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பில் ஒரு தர்க்கம் உண்டு: பொதுநலம் சில சமயம் சிறந்த குடிமக்களின் உயிரையே கேட்கிறது, அப்படியிருக்க, ஏற்கெனவே அரசின் பலத்தை உறிஞ்சுகிறவர்களிடம் அதைவிடச் சிறிய தியாகத்தைக் கேட்பதில் தவறில்லை. எட்டு நீதிபதிகள் சம்மதித்தார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார். அக்டோபரில் அறுவை நடந்தது. ஏற்கெனவே பிறந்திருந்த கேரியின் மகள் பள்ளியில் நன்றாகவே படித்தாள் என்பது பின்னாளில் தெரிய வந்தது.

அந்தத் தர்க்கத்தின் ஓட்டை தமிழில் சட்டென்று தெரியும், ஏனென்றால் நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. தன்னுடையதைத் தானே விடுவது தியாகம். இன்னொருவரைக் கொடுப்பது பலி. போரில் விழுந்த வீரனுக்கு நம் முன்னோர் நடுகல் நட்டார்கள், அது தன்னைக் கொடுத்தவனுக்கான கல். பலி அப்படியல்ல. திருநெல்வேலிப் பக்கத்துச் சுடலைமாடன் கொடையில் கிடாயை வெட்டுமுன் அதன் தலையில் மஞ்சள் நீரைத் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால்தான் உத்தரவு. ஆட்டின் சம்மதம் என்பது மனிதர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதலே. ஆனாலும் சம்மதமில்லாமல் எடுக்கக் கூடாது என்ற கூச்சமாவது அங்கே இருக்கிறது. கேரியின் வழக்கில் அந்தக் கூச்சமும் இல்லை. அவளுக்காக வாதாடிய வழக்கறிஞரே அந்தக் காப்பகத்தின் நிர்வாகக் குழுவில் முன்பு இருந்தவர். ஹோம்ஸ் தம் தியாகத்தை அளவுகோலாக வைத்து அவளுடைய பலியை அளந்தார், சிறியதுதான் என்று கண்டார். அந்த அளவுகோல் அவருக்கு மட்டுமே சொந்தம்.

கீதையும் பலன் கருதாத கடமையைத்தானே சொல்கிறது, ஹோம்ஸ் வேறென்ன சொன்னார் என்று கேட்கலாம். கீதை அர்ச்சுனனிடம் பேசுகிறது. வில்லெடுக்க வேண்டியவன் அவன், அவனுடைய தயக்கத்துக்குத்தான் விடை. இன்னொருத்தியின் உடம்பைப் பற்றி நீ முடிவு செய் என்று அங்கே யாரும் அவனிடம் சொல்லவில்லை. சட்டமன்றத்தின் முடிவில் நீதிபதி தலையிடக் கூடாது என்பதே ஹோம்ஸின் கொள்கை, அதைத்தான் பின்பற்றினார் என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மைதான். பட்டறைத் தொழிலாளரைக் காத்ததிலும் அந்த அடக்கத்தின் சாயல் உண்டு. ஆனால் 'சட்டமன்றத்தின் அதிகாரம் இது' என்று எழுதி நிறுத்தியிருக்கலாமே. போர்க்களத்தை ஏன் உள்ளே இழுத்தார்? அந்த ஒரு வாக்கியம் சட்டத்திலிருந்து வரவில்லை, அலமாரியிலிருந்து வந்தது. தியாகம் கேட்காமல் எந்த நாடும் நடக்காது என்பார்கள். நடக்காதுதான். மும்பையிலும் அப்படித்தான் சொன்னார்கள். 1976இல் மகாராஷ்டிர சட்டமன்றம் கட்டாயக் கருத்தடை மசோதாவையே நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வராததால் அது சட்டமாகவில்லை. பொதுநலம் அங்கும் உண்மையான கவலைதான். கேட்கப்பட்டவர்களின் குரல்தான் இல்லை.

அப்படியானால் படைவீரர் நீதிபதி ஆசனத்தில் அமரவே கூடாதா? அமரலாம், அமரவும் வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில், மும்பை அமர்வு உட்பட, ஒரு நீதித்துறை உறுப்பினருக்குப் பக்கத்தில் மேஜர் ஜெனரல் அல்லது அதற்கு இணையான, மேலான பதவி வகித்த ஒருவர் அமர்கிறார். காவல் நிலை என்றால் என்ன, கட்டளை எப்படி இறங்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த அறிவு சாட்சியத்தைப் புரிந்துகொள்ள உதவும். அதற்கு அப்பால் அதற்கு உரிமை இல்லை. வீரனின் துணிவு எதிரியின் முன் நிற்பது, நீதிபதியின் துணிவு தன் ஆட்களின் முன் நிற்பது. இரண்டாவது துணிவுக்குச் சீருடை தேவையில்லை என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 1992-93 இந்து-முஸ்லிம் கலவரத்தில் இறந்த 900 பேரைப் பற்றி விசாரித்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா பக்தியுள்ள இந்து. கலவரத்தின் தொடக்க இடங்களில் ஒன்று தாராவி. தன் மதத்தார் செய்ததை அவர் அறிக்கையில் மழுப்பவில்லை. தன் சமூகத்தின் கோபத்தைத் தானே ஏற்றுக்கொண்டார், அடுத்தவர் தலையில் வைக்கவில்லை. தவறான தீர்ப்பென்று தெரிந்ததும் தன் உயிரையே விட்ட பாண்டியன் நெடுஞ்செழியனை நாம் மறக்காமல் இருப்பதும் இதனால்தான்.

தாராவியில் மறுசீரமைப்புக்காக 2024 முதல் வீட்டுக்கு வீடு எண் எழுதிக் கணக்கெடுத்தார்கள். 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவருக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு. அதன் பிறகு வந்தவரும் மாடி அறையில் இருப்பவரும் தாராவிக்கு வெளியே போக வேண்டும். நகரத்தின் நன்மைக்காகச் சிலர் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று சொல்கிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த மாடி அறைக்காரர் விட்டுக்கொடுக்கிறாரா, கொடுக்கப்படுகிறாரா என்பதை மட்டும் முதலில் அவரிடமே கேளுங்கள்.

கேரி பக் 1983இல் இறந்தார். வெர்ஜீனியா ஆளுநர் மன்னிப்புக் கேட்டது 2002இல். அந்தத் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்றுவரை வெளிப்படையாக ரத்து செய்யவில்லை.