காண்டலும் கவர்தலும்

கொல்லாமை, புலான்மறுத்தல் என்பவற்றை மாணாக்கர்க்கு எடுத்துரைத்தல் நம் ஆசிரியர்க்கு எளிய காரியம். உயிரை வதைத்தல் தீதென்பதில் அவருள் ஐயமுடையார் இலர். ஆனால் உயிர்களை வெறுமே பார்த்தலிலும் படம்பிடித்தலிலும் தீது உண்டோ என வினாவினால், விடை அத்துணை எளிதன்று. விடுமுறையிற் பிள்ளைகளைச் சதுப்பு நிலங்களுக்கு அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர் இவ்வினாவை முன்னரே ஆராய்ந்துகொள்ளுதல் நன்று. வெள்ளவத்தையார்க்குத் தெகிவளைக்கு அப்பால், 1990 இற் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில-அத்திடியச் சதுப்பு அணித்தாயுள்ளது; கொட்டாஞ்சேனையார்க்கு வத்தளைக்கு வடக்கே முத்துராஜவெல உள்ளது. 2018 இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்க் கொழும்பு ஈரநில நகரமென ஏற்கப்பட்டதும் இத்தகைய நிலங்கள் எஞ்சியிருத்தலானேயாம். (இந்நகரத்து வீடுகளிற் பல அத்தகைய நிலத்தை நிரப்பியே எழுந்தன என்பதை ஈண்டு விரித்தல் வேண்டா.)

படம் 'பிடித்தல்' என்னும் நம் வழக்கையே நோக்குக. மீன் பிடித்தற்கும் கள்வனைப் பிடித்தற்கும் அதுவே சொல். ஆங்கிலரும் துவக்காற் சுடுவதற்கும் கமராவாற் படமெடுப்பதற்கும் ஒரே சொல்லை வழங்குவர். அமெரிக்கரான ஜோர்ஜ் ஷைராஸ் என்பார், இரவில் ஓடத்திலிருந்து விளக்கொளி காட்டி மானை மயக்கிச் சுடும் வேடர் முறையையே கைக்கொண்டு, துவக்கிற்குப் பதிலாகக் கமராவை ஏந்தினார். அவர் படங்கள் 1906 இல் நேஷனல் ஜியோகிரபிக் இதழில் வெளிவந்து புகழ்பெற்றன. இலங்கையிலும் 1894 இல் தோன்றிய வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம், வேட்டையில் ஈடுபட்டோராலேயே தொடங்கப்பெற்று, பின்னாளில் வனசீவராசிகளைக் காக்கும் சங்கமாயிற்று. துவக்கை விட்டது பெரியதோர் ஏற்றமே. அதனைக் குறைத்துரைத்தல் நேர்மையன்று. கருவி மாறியதுபோல வேட்கையும் மாறிற்றா என்பதே யாம் கேட்பது.

நீள்வால் இலைக்கோழியை எடுத்துக்கொள்வோம். தாமரை, அல்லி இலைகளின்மேல் நடத்தற்கேற்ற நெடுவிரல்களையுடைய பறவை அது. மிதக்கும் இலைகளின்மேலேயே முட்டையிடும், பெரும்பாலும் நான்கு. இட்டபின் பெட்டை வேறு சேவலை நாடிச் செல்ல, அடைகாப்பதும் குஞ்சைப் பேணுவதும் சேவலின் பொறுப்பாகும். கரையில் ஒருவர் கமராவுடன் அணுகுகின்றார். அவர் மனத்திற் கொலையில்லை, கையிற் கல்லில்லை. இன்னும் பத்தடி நெருங்கினாற் பறவையின் கண் தெளிவாய் விழுமென்பதே அவர் விருப்பம். சேவல் எழுந்து அகலுகின்றது. அவர் அரைமணி நேரம் நின்று, மனநிறைவோடு மீளுகின்றார். அவ்வரைமணியில் மூடுவாரின்றி நண்பகல் வெயிலிற் கிடந்த முட்டையின் கரு வெந்திருக்கலாம். காகமோ கபரக்கொய்யாவோ வந்து போயிருக்கலாம். அவர் எடுத்த படத்தில் இவையொன்றும் இரா. அழகிய பறவை ஒன்று நீரின்மேல் நிற்கும். கூட்டை விட்டு அஃது ஏன் அங்கு நிற்கின்றதென்பது மட்டும் தெரியாது.

பதிவுசெய்த குரலை ஒலிப்பித்துப் பறவையைப் புதரினின்று வருவிப்பதும் இத்தகையதே. தன் எல்லையுட் பகைவன் புகுந்தானென்று, அது இரைதேடலையும் விட்டு ஓடிவருகின்றது. பொய் கூறலாகாதென்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், பறவைக்குக் கூறும் பொய் பொய்யன்று என்போமா?

படங்களாலன்றோ மக்கள் மனந் திரும்பினர் எனின், அதுவும் உண்மையே. இந்நகரத்துச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை வாழ்கின்றதென்றால் அயலில் வீடுடையாரும் எளிதில் நம்பார். அஃது இரவில் திரிந்து, மனிதர்க்கு ஒதுங்கி வாழ்வது. ஆய்வாளர் கட்டிவைத்துவிட்டுச் சென்ற தானியங்கிக் கமராக்களே அதனைக் காட்டித்தந்தன. இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. படம் விழும்போது எடுப்பவர் அங்கில்லை. பூனை தன் வழியே செல்கின்றது. முகம் பாதி மறைந்திருக்கலாம், வால் மட்டுமே விழுந்திருக்கலாம். வந்ததைக் கொள்வதன்றி, வேண்டியவாறு நிறுத்திவைத்தல் அங்கில்லை. ஆதலின் குற்றம் கமராவினதன்று. விலங்கு நம் பக்கந் திரும்பவேண்டும் என்னும் அவாவினதே. எவ்வுயிரும் இறைவனுடைமை என்று சொல்லும் நமக்கு, அது நமக்காகத் திரும்பவேண்டுமென்னும் உரிமை எங்கிருந்து வந்தது?

ஆசிரியர்க்கு இதிற் கடினம் ஒன்றுண்டு. கைத்தொலைபேசிகளை வாங்கி வைத்துவிடுதல் எளிது. ஆனால் அது பார்க்கக் கற்பித்தலாகாது. முதலில் மாணாக்கன் ஓரிடத்தில் ஒருமணி நேரம் இருந்து, பறவை என் செய்கின்றதெனப் பார்த்து எழுதட்டும். தன் வரவால் அது செய்துகொண்டிருந்ததை நிறுத்திற்றா என்பதையும் எழுதட்டும்; நிறுத்தியிருப்பின் பின்வாங்கட்டும். அத்தூரத்திலிருந்து எடுக்கும் படம் சிறிதாயும் தெளிவற்றதாயும் இருக்கும். வகுப்பில் அதனைக் கண்டு சிரிப்பாரும் இருப்பர். அப்போது ஆசிரியர் எப்படத்தைச் சுவரில் ஒட்டுகின்றார் என்பதைப் பிள்ளைகள் உற்று நோக்குவர். கூட்டின் படமாயின் இன்னுமொன்று: எடுத்த இடத்தைத் தொலைபேசி தானே பதிந்துகொள்வதுண்டு. பிறர்க்கு அனுப்புமுன் அக்குறிப்பை நீக்குதல் வேண்டும். முட்டை திருடுவாரும் அப்படத்தைக் காண்பர்.