ஊசியின் பொறுப்பு யார் தலையில்?

1976 பிப்ரவரியில் நியூஜெர்சியின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் ஓர் இளம் வீரர் காய்ச்சலில் இறந்தார். பரிசோதித்தவர்களுக்கு அது 1918இல் உலகைச் சூறையாடிய கிருமியின் நெருங்கிய உறவான பன்றிக் காய்ச்சல் கிருமியாகத் தெரிந்தது. மார்ச் 24 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு, நாட்டில் ஒருவர் விடாமல் தடுப்பூசி என்று அறிவித்தார். 13.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. மருந்துக் கம்பெனிகள் தயாரிப்பில் இறங்கின. அந்தக் கட்டத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. இந்த ஊசியால் வரும் வழக்குகளுக்குப் பொறுப்பேற்க முடியாது என்றன. காப்பீடு இல்லாமல் மருந்தை வெளியே அனுப்ப முடியாது என்று கம்பெனிகளும் சொல்லிவிட்டன.

கொள்ளைநோய் வரப்போகிறது என்று ஊரே பதறும்போது இவர்கள் பேரம் பேசுகிறார்களே என்று கோபப்படுவது எளிது. ஆனால் காப்பீட்டுக்காரர்களின் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. 1955இல் கட்டர் ஆய்வகத்தின் போலியோ தடுப்பூசியில் உயிருள்ள கிருமி தங்கிப்போய்ப் பல குழந்தைகளுக்குக் கைகால் விளங்காமல் போனது. 10 பேர் இறந்தார்கள். பின்னால் நடந்த வழக்கில் ஜூரிகள், நிறுவனம் அலட்சியமாக இருக்கவில்லை என்றார்கள். ஆனாலும் இழப்பீடு கொடுத்தாக வேண்டும் என்றார்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் இதைவிட நேர்மையான தீர்ப்பு இருக்க முடியாது. காப்பீடு செய்பவருக்கோ, தவறே செய்யாதவரும் பணம் கட்ட நேரும் என்றால் பிரீமியத்தை எப்படி நிர்ணயிப்பது என்றே தெரியாது. அதுவும் ஒரு நாட்டுக்கே ஊசி போடும்போது, அந்த வாரம் எப்படியும் மாரடைப்பு வரவேண்டிய சிலருக்கும் ஊசி போட்டிருப்பார்கள்.

ஜூலைக் கடைசியில் பிலடெல்ஃபியா ஓட்டல் ஒன்றில் மாநாட்டுக்கு வந்தவர்கள் மர்ம நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். பன்றிக் காய்ச்சல்தான் வந்துவிட்டதோ என்ற பீதி கிளம்பியது. உண்மையில் அது வேறு நோய். ஆனால் அது தெளிவாவதற்கும் அந்தப் பீதியே சட்டத்தை நகர்த்துவதற்கும் இடையில் சில நாட்கள்தான். ஆகஸ்ட் 12 அன்று ஃபோர்டு கையெழுத்திட்டார்: பாதிக்கப்பட்டவர் இனி கம்பெனியின் மேல் வழக்குப் போட முடியாது, அரசின் மேல்தான் போட வேண்டும், கம்பெனி அலட்சியமாக இருந்தது தெரிந்தால் அரசு அதனிடம் வசூலித்துக்கொள்ளும். அவசரத்தில் பிறந்த சட்டம்தான். ஆனாலும் அதன் உள்ளீடு நியாயமானது. எல்லோருடைய நன்மைக்காகவும் ஒருவர் கையை நீட்டச் சொன்னது அரசு. அதில் அவருக்குக் கேடு வந்தால் கேட்க வேண்டிய இடமும் அரசுதான்.

அக்டோபர் 1 அன்று ஊசி போடத் தொடங்கினார்கள். சில நாட்களிலேயே பிட்ஸ்பர்க்கில் ஒரே மையத்தில் போட்டுக்கொண்ட மூன்று முதியவர்கள் இறந்தார்கள். சில மாநிலங்கள் முகாம்களை நிறுத்தின. அந்த வயதினரிடையே, ஊசி இல்லாத நாளிலும், எத்தனை பேர் இறப்பது வழக்கம் என்ற கணக்கு இருந்ததால், இது தற்செயல் என்று சொல்ல முடிந்தது. நவம்பரில் மினசோட்டாவில் இருந்து வேறொரு செய்தி வந்தது. ஊசிக்குப் பிறகு ஒருவருக்குக் கால்கள் மரத்துத் தளரும் கில்லன்-பாரே நோய். மாநிலம் மாநிலமாக மருத்துவக் குறிப்புகளைத் திரட்டிப் பார்த்தபோது, அந்நோய் ஊசி போட்டவர்களிடம் கூடுதலாக இருந்தது. ஏறத்தாழ 1 லட்சம் பேருக்கு ஒருவர். டிசம்பர் 16 அன்று திட்டத்தை நிறுத்தினார்கள். அதற்குள் 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஊசி போட்டிருந்தார்கள். அஞ்சிய கொள்ளைநோயோ வரவே இல்லை. 1978இல் சுகாதாரத் துறைச் செயலர் ஜோசப் காலிஃபானோ, கில்லன்-பாரே வந்தவர்கள் யாருடைய அலட்சியத்தையும் நிரூபிக்க வேண்டாம், ஊசியால் வந்தது என்று காட்டினால் போதும் என்று அறிவித்தார்.

அதைக் காட்ட என்ன வேண்டும்? ஊசி போட்ட தேதி, முதல் அறிகுறி தோன்றிய தேதி, நரம்பு மருத்துவர் எழுதிவைத்த குறிப்பு. பிட்ஸ்பர்க்கில் ஊசியை விடுவித்ததும் மினசோட்டாவில் அதைச் சிக்கவைத்ததும் இந்த வகைக் காகிதங்கள்தான். பொறுப்பை யார் ஏற்பது என்று மட்டும் விவாதிப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கம்பெனியை வழக்கிலிருந்து காப்பது, அதனளவில் அநியாயம் அல்ல. காத்த கையோடு, கேட்டைக் கண்டுபிடிக்கும் பதிவையும் அரசு தன் செலவில் வைத்திருக்காவிட்டால்தான் அநியாயம்.

கொரோனா காலத்து இந்தியா இந்தச் சோதனையை வேறு வழியில் எதிர்கொண்டது. ஃபைசர் 2021 பிப்ரவரியில் தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. ஜூன் மாதம் மாடர்னாவுக்கு அனுமதி கிடைத்தும், வழக்குப் பாதுகாப்பு பற்றிய பேச்சு முடியாமல் அது வந்து சேரவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்கு வளையாத முதுகெலும்பு என்று இதைப் பலர் பாராட்டினார்கள். பாராட்டலாம், உள்ளூரில் ஊசி போட்டவருக்குக் கேடு வந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் பதில் இருந்திருந்தால். 2022 நவம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது இதுதான்: தடுப்பூசி கட்டாயம் அல்ல, அதனால் அரசு பொறுப்பாகாது, பாதிக்கப்பட்டவர் சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம். ரயிலுக்கும் வேலைக்கும் சான்றிதழ் கேட்ட மாதங்களை நினைவில் வைத்திருப்பவர்கள், இதில் ‘கட்டாயம் அல்ல’ என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று யோசிப்பார்கள். நீதிமன்றத்துக்குப் போவதன் விலையும் தெரிந்ததே. சென்னையில் கோவிஷீல்டு பரிசோதனையில் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர் 2020இல் 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். அதைத் தயாரித்த சீரம் நிறுவனம் பதிலுக்கு 100 கோடிக்கு மேல் கேட்கப்போவதாக அறிவித்தது. அவருக்கு வந்த நோய் ஊசியால் வந்ததா இல்லையா என்பது வேறு கேள்வி. பரிசோதனையில் சேர்ந்தவருக்காவது 2019ஆம் ஆண்டு விதிகள் இழப்பீட்டுக்கு ஒரு வழி வைத்திருந்தன. முகாமில் வரிசையில் நின்றவருக்கு அதுவும் இல்லை.

அவர் சிவில் நீதிமன்றம் போவதாகவே வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது என்ன? மஞ்சப்பையில் மடித்து வைத்த ஓ.பி. சீட்டு, மை மங்கிப்போன ஈ.சி.ஜி. தாள், யாரோ ஒரு பயிற்சி மருத்துவரின் கிறுக்கெழுத்தில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளம் அவருக்கு எந்த பேட்ச் ஊசி எந்த நாளில் போடப்பட்டது என்று சொல்லும். அதற்கு முன் அவர் உடம்பு எப்படி இருந்தது, பிறகு எந்த வார்டில் கிடந்தார் என்று அதற்குத் தெரியாது. ஆனால் ஆதார் கொடுத்தவர்கள் பலருக்கு, அவர்கள் கேட்காமலே, சுகாதார அடையாள எண் மட்டும் உருவாகியிருந்தது. எண் கிடைத்தது, அதனோடு சேர வேண்டிய வரலாறு கிடைக்கவில்லை.

பதிவு நிறைய இருந்த நாடு இஸ்ரேல். குடிமக்கள் அனைவரும் நான்கு சுகாதார நிதியங்களில் ஏதோ ஒன்றில் இருக்கிறார்கள்; மருத்துவ வரலாறு முழுக்கக் கணினியில். 2021 ஜனவரியில் ஃபைசருடன் போட்ட ஒப்பந்தத்தில், விரைவான ஊசிக்கு ஈடாக நாட்டின் தொற்றுத் தரவுகளைத் தர அரசு ஒத்துக்கொண்டது. பெயர் நீக்கிய தரவுதான். என்றாலும் யாரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்கவில்லை. இது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அதே பதிவுகள்தான், இரண்டாவது டோஸ் போட்ட இளைஞர்களிடம் இதயத்தசை அழற்சி சற்றே கூடுவதை முதலில் கண்டுபிடித்தவற்றுள் அடங்கும். ஊசியைச் சீக்கிரம் வரவழைத்த ஏடே ஊசிக்கு எதிராகவும் சாட்சி சொன்னது. சாட்சி சொல்ல அதற்கு அனுமதி இருந்தவரை, அந்தப் பேரத்தை முழுத் தவறு என்று ஒதுக்க முடியவில்லை. வேலை கொடுப்பவரும் மருத்துவக் காப்பீடு விற்பவரும் அதைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினால் கதை மாறிவிடும்.

பதிவு இல்லாத நாட்டில் என்ன செய்வது என்பதுதான் கடினம். பிரிட்டனில் 1979 முதல் தடுப்பூசிக் கேட்டுக்கு ஒரு தொகை உண்டு; உடல்திறனில் 60 சதவீதம் போயிருக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் குறைந்தாலும் வெறுங்கைதான். இப்படி ஒரு கோட்டை இந்தியாவில் இழுத்தால், சதவீதத்தை அளந்து எழுத நரம்பு மருத்துவர் உள்ள ஊர்க்காரர்களுக்குத்தான் அது பயன்படும். காகிதம் இல்லாதது ஊசி போட்டவரின் குற்றம் அல்ல. வைத்திருக்க வேண்டியவர் வைக்கவில்லை. அப்படியானால் சந்தேகத்தின் பலன் அவருக்குப் போக வேண்டும்: ஊசிக்குப் பின் மருத்துவம் ஏற்கும் கால எல்லைக்குள், மருத்துவம் ஏற்கும் நோய் வந்தால், அது ஊசியால் அல்ல என்று காட்டும் வேலை அரசுடையது. இதில் தற்செயலாக நோயுற்ற சிலருக்கும் பணம் போகும். போகட்டும். அந்தக் கூடுதல் செலவு, ஏடு வைக்காததற்கு அரசு கட்டும் அபராதம். அது கனக்கத் தொடங்கினால் ஏடு வைக்கும் செலவு மலிவாகத் தெரியும்.