பிக்குவின் பாத்திரமும் இல்லறத்தார் பானையும்



பகவன் புத்தர் காலத்தில் பேலட்டசீசர் என்னும் தேரர் ஒருவர் இருந்தார். ஆனந்த தேரருக்கு உபாத்தியாயர் அவரே. காட்டில் வாழ்ந்த அப்பெரியார், ஊருக்குள் சென்று பெற்ற வெறுஞ்சோற்றை வெயிலில் உலர்த்திச் சேர்த்து வைப்பார். பசித்தபோது நீரில் நனைத்து உண்பார். நெடுநாள் கழித்தே மறுபடியும் பிச்சைக்கு வருவார். இதில் என்ன குற்றம் என்று நமக்குத் தோன்றும். ஆயினும் பகவர் அதனை ஏற்கவில்லை. பெற்ற உணவை மறுநாளைக்கு வைத்து உண்ணலாகாது என்று சங்கத்தாருக்கு விதி செய்தார். நோயுற்ற பிக்குகளுக்காக நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் என்னும் ஐந்தை மட்டும் ஏழு நாள் வரையில் வைத்துக் கொள்ள இடம் தந்தார். அந்த எல்லைக்கும் ஒரு காரணம் உண்டு. பிலிந்தவச்ச தேரரின் மாணாக்கர் அவற்றைக் குடங்களிலும் பைகளிலும் நிரப்பி வைக்க, அவை கசிந்தொழுகி, விகாரை முழுதும் எலிகள் ஓடித் திரிந்தனவாம். கண்ட மக்கள் பழித்தனர்.

இவ்விதிகளைக் காட்டி, “பௌத்தன் வீட்டில் வற்றல் பானையும் ஊறுகாய்ச் சாடியும் எதற்கு? சேர்ப்பது லோபம் அன்றோ?” என்று நம்மவருள் சிலர் வினவுகின்றனர். கேட்கத் தக்க கேள்விதான். ஆனால் பிக்குவின் விதி பிக்குவுக்கே உரியது. அவர் நாள்தோறும் ஊராரை நாடி வரவேண்டும். ஊரார் அவரிடம் அறம் கேட்க வேண்டும். உலர்ந்த சோறு அவ்வுறவை அறுத்து விடும். இல்லறத்தான் நிலை வேறு. அவன் வீட்டில் அடுப்பு அணைந்தால் குழந்தையும் பட்டினி, வாயிலில் வந்து நிற்கும் பிக்குவும் பட்டினி. ஆகவேதான் சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு உபதேசித்தபோது, ஈட்டிய பொருளை நான்கு கூறாக்கி, ஒன்றைத் துய்க்கவும், இரண்டைத் தொழிலில் இடவும், நான்காவதை ஆபத்துக் காலத்துக்கென வைக்கவும் பகவர் பணித்தார். கோலிய நாட்டுத் தீகஜாணுவுக்கும், முயற்சியை அடுத்து, முயன்று பெற்றதைக் காப்பதையே கூறினார்.

வேரஞ்சையில் நடந்ததை இங்கே நினைக்க வேண்டும். பகவர் ஐந்நூறு பிக்குகளோடு அவ்வூரில் மழைக்காலம் தங்கினார், கொடிய பஞ்சம், பிச்சை கிடைக்கவில்லை. நிலத்தைப் புரட்டி அடியிலுள்ள சத்தை எடுத்துத் தரட்டுமா என்று மொக்கல்லான தேரர் கேட்டார். பகவர் மறுத்து விட்டார். அவ்விடத்தில் தங்கியிருந்த வடநாட்டுக் குதிரை வணிகரிடம் தானியம் கையிருப்பாக இருந்தது. அதில் பிக்கு ஒருவருக்கு ஒரு படி வீதம் அவர்கள் அளந்தனர். பிக்குகள் உரலில் இடித்து உண்டனர். ஆனந்தர் கல்லில் அரைத்துப் பகவருக்கு அளித்தார். இருத்தியை வேண்டாம் என்றவர் இருப்பை ஏற்றார். இதைவிட என்ன சான்று வேண்டும்?

நமக்கு இது வெறும் சிக்கனப் பேச்சன்று. 1928இல் பம்பாய் அரசு அமைத்த குழுவில் பாபாசாகேப் அம்பேத்கர் ஓர் உறுப்பினர். 1930இல் வெளிவந்த அதன் அறிக்கை, தாழ்த்தப்பட்டோர் தம் உரிமையைக் கேட்டவுடன் அவர்கள்மேல் ஏவப்படும் ஆயுதம் சமூகப் புறக்கணிப்பே என்று எடுத்துக் காட்டியது. வேலை நிற்கும், நடைபாதை அடைபடும், கடைக்காரன் பண்டம் விற்க மாட்டான். மூன்றாம் நாள் பிள்ளை அழும்போது, கேட்ட உரிமையைத் திரும்ப விழுங்கியோர் எத்தனை பேர்! பானையில் ஒரு மாத தானியம் இருந்திருப்பின் அவர்கள் இன்னும் ஒரு மாதம் நிமிர்ந்து நின்றிருப்பர். அண்மைக் காலமும் நமக்குப் பாடம் சொல்லிற்று. கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டபின், வயல் மக்களுள் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூரில் உழைத்துப் பிழைத்தனர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து இரயிலும் நின்றபோது, அன்றன்று அரிசி வாங்கிய வீடுகளே முதலில் தத்தளித்தன.

ஆகவே, உபாசிகைகளே, உங்கள் கைவேலை அறத்திற்குத் துணை. இடமில்லை என்னாதீர். பழைய தகரத்தின் அடியில் துளையிட்டு மண் நிரப்பினால் நாலு வாரத்தில் கீரை பறிக்கலாம். முருங்கைக்கு விதைகூட வேண்டாம்; கொம்பு ஒன்றை நட்டால் போதும். பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குப் பாயட்டும். சுரங்க வயல்களில் வாழ்வோர் மட்டும் சயனைடு மேட்டு மண்ணைத் தொட வேண்டாம். அது காய்கறிக்கு ஆகாது. வேறிடத்து மண் கொணர்க. பறித்த கீரையை நன்றாக அலசுக.

மலிந்த காலத்துக் கத்தரியும் கொத்தவரையும் வற்றலாகட்டும். சுண்டைக்காயைக் கீறி உப்பிட்ட மோரில் ஊறவைத்து உலர்த்துங்கள். ஒடித்தால் சடக்கென ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் உண்டு, பூசணம் பிடிக்கும். எலுமிச்சை ஊறுகாயில் உப்பைக் குறைத்து மிச்சம் பிடிப்பவர் சாடியையே இழப்பர். (ஈரக் கரண்டியை இடும் மருமகளைவிட, அதைக் கண்டும் வாளாவிருக்கும் மாமியே பிழையுடையார் என்பது என் கருத்து.) அரிசியில் உலர்ந்த வேப்பிலை இடுக. துவரையைச் செம்மண் கட்டிக் காயவைக்கும் பழைய வழக்கம் இன்றும் நன்றே. பழையதை முன்னே எடுத்துப் புதியதைப் பின்னே வையுங்கள்.

சேமிப்பு எப்போது லோபமாகும்? விளைச்சல் மிக்க நாளில் சிறிது சிறிதாக வைப்பது காப்பு. தட்டுப்பாடு வந்தபின் ஓடிப் போய் மூட்டையாக வாங்கி, பின்னால் நிற்பவனுக்கு இல்லாமல் செய்வது லோபம். ஆளவியில் காணாமற்போன எருதைத் தேடிப் பசித்து வந்த உழவனுக்கு முதலில் சோறிடச் செய்து, அதன் பின்னரே பகவர் அறம் உரைத்தார். அடுத்த வீட்டில் புகை எழாத நாளில் நம் பானையின் மூடி திறவாதிருக்குமானால், அப்பானையை வைத்திருப்பது பிலிந்தவச்சர் விகாரையின் எலிகளுக்குத்தான் பயன்.

ஒரு செயலை இப்போதே தொடங்கலாம். ஆடிப் பட்டத்துக்கு முன்வரும் பௌர்ணமிக் கூட்டத்திற்கு வருவோர், அவரை, சுரை, பீர்க்கு ஆகியவற்றுள் தம்மிடம் உள்ள விதையைச் சாம்பலில் புரட்டிப் பொட்டலமாகக் கொண்டு வருக. பெயரும் மாதமும் மேலே எழுதியிருக்கட்டும். திரிசரணம் பஞ்சசீலம் முடிந்தபின் விகாரைத் திண்ணையில் பகிர்ந்து கொள்வோம். விதை இல்லாதோர் வெறுங்கையோடு வந்தாலும் பெற்றுச் செல்லலாம்.