தொலை மருத்துவமும் முதியோரின் குரலும்

அறிவியல் ஆக்கங்கள் மனிதனுக்கு வசதியைத் தருமிடத்து, அவ்வசதி யாருக்கு உரியது என்ற வினாவையும் உடன்கொண்டே வருகின்றன. தொலை மருத்துவம் இதற்கு விலக்கன்று. 1905ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் வில்லம் ஐந்தோவன் என்ற உடற்றொழிலியல் அறிஞர், வைத்தியசாலையில் இருந்தோரின் இதய மின்னலைகளை, ஏறத்தாழ 1.5 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தமது ஆய்வுகூடத்தில் இருந்தவாறே தொலைபேசிக் கம்பி வழியாகப் பதிவுசெய்தார். மிகப் பாரமான கருவியை நோயாளியிடம் கொண்டுசெல்ல அன்று இயலவில்லை. இன்று முதுமையுற்ற நோயாளியே வைத்தியரிடம் செல்ல இயலாதிருக்கின்றார்.

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் வைத்தியம் இலவசமேயாயினும், அங்கு சென்றுவருதல் இலவசமாவதில்லை. நீரிழிவுக்கோ உயர் குருதி அமுக்கத்துக்கோ மாதந்தோறும் மருந்து பெறும் முதியவருக்கு விடியற்காலைப் பேருந்து, நீண்ட வரிசை, உடன்வருபவர் இழக்கும் ஒருநாட் கூலி என்பன யாவும் செலவினங்களே. 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றின்போது ஊரடங்கு நடைமுறையிலிருந்த வேளையில், கிளினிக் நோயாளருக்கான மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. முன்னைய மருந்தையே மீளப் பெறுவதற்காகத் தளர்ந்த உடலை வரிசையில் நிறுத்துதல் தவிர்க்கக்கூடியதே என்பதை அந்நெருக்கடி உணர்த்திற்று.

எனினும் இவ்வசதி எல்லா முதியோரையும் சென்றடைவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வொன்று, அந்நாட்டு முதியோருள் 38 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 130 இலட்சம் பேர், காணொளி வழி வைத்திய ஆலோசனைக்கு ஆயத்தமற்றோர் என மதிப்பிட்டது. கருவிப் பழக்கமின்மையே முதன்மைக் காரணமாகும். உதவுவதற்கு ஒருவர் உளர் எனக் கொண்டபோதும் அத்தொகை 32 சதவீதமாகவே குறைந்தது. செவிப்புலன் குன்றியோருக்கும் மறதிநோயுற்றோருக்கும் சாதாரண தொலைபேசியுங்கூடத் தடையாக அமைவதுண்டு.

உதவியாளரின் இடம் யாது என்பதே ஈண்டு எழும் அறவியற் பிரச்சினையாகும். தொலைபேசியைக் கையில் வைத்திருப்பவர் மகனாகவோ பேத்தியாகவோ இருப்பர். வைத்தியர் வினவுகின்றார், “அம்மாவுக்கு வேறொன்றுமில்லை, நித்திரைதான் குறைவு” என மகன் விடையளிக்கின்றான். அவன் அன்புடையவனே, ஆயினும் தாயின் நோவு அவனது சொல்லாகவே வைத்தியரை அடைகின்றது. வைத்தியசாலையிலாயின், உடன்வந்தவரைச் சற்று வெளியே நிற்குமாறு வைத்தியர் கூறலாம். மறைத்த வீழ்ச்சி, உண்ணாத மருந்து, வீட்டிலுள்ளோர் மீதான அச்சம் என்பன அத்தனிமையிலேயே வெளிப்படக்கூடியவை. பிறர் ஏந்திய தொலைபேசியில் அத்தனிமைக்கு இடமில்லை.

நமது குடும்ப வாழ்வில் நோய் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்றும், பிள்ளைகள் பேசுவதையே பெற்றோர் விரும்புவர் என்றும் சிலர் வாதிடலாம். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் விருப்பம் என்பது கேட்டறியப்பட வேண்டியதேயன்றி, ஊகித்துக் கொள்ளப்படுவதன்று. தானே தெரிந்தெடுத்த துணை முதியவரின் குரலுக்கு வலுவூட்டும். தெரிவின்றி அமைந்த துணை அக்குரலின் இடத்தைத் தான் பற்றிக்கொள்ளும்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் முதியோரை உரிமைகளுக்கு உரியோராக ஏற்றுக்கொண்டது. அவ்வுரிமை தொலைபேசியின் மறுமுனையிலும் நிலைத்தல் வேண்டும். உரையாடலின் தொடக்கத்தில் முதியவரிடமே நேரடியாகப் பேசுதல், இயன்றவிடத்துச் சில நிமிடங்களேனும் அவரைத் தனித்துப் பேசவிடுதல், நேரில் வர விரும்புவோருக்குக் கிளினிக்கின் கதவைத் திறந்தே வைத்திருத்தல் என்பன இதற்கு வேண்டப்படும் மிகக் குறைந்த ஒழுங்குகளாம். இவை பேணப்படாதவிடத்துத் தொலை மருத்துவம் பாதையின் தூரத்தைக் குறைத்து, முதியவருக்கும் வைத்தியருக்குமிடையே வேறொரு தூரத்தை உண்டாக்கிவிடும்.