நாபோத்தின் மறுப்பு

விவிலியத்தின் முதலாம் இராஜாக்கள் புத்தகத்தில் வரும் நாபோத்தின் கதையைப் பிரசங்கிகள் பெரும்பாலும் அவன் கொல்லப்பட்டதை வைத்தே விளக்குவார்கள். பொய்ச்சாட்சி, கல்லெறி, தீர்க்கதரிசி எலியாவின் கண்டனம் என்று அதில் பேச நிறைய உண்டு. ஆனால் கடினமான கேள்வி கொலைக்கு முன்பே வந்துவிடுகிறது. அரண்மனையை ஒட்டிய நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் அரசன் இலவசமாகக் கேட்கவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் பணமாக வாங்கிக்கொள் என்கிறான். நில எடுப்பில் வீடிழந்த எத்தனையோ பேருக்கு இப்படியொரு பேரம் வாய்த்ததில்லை. நாபோத்தோ, முன்னோரின் சொத்தைக் கொடுப்பதற்கில்லை என்று மறுத்துவிடுகிறான். நியாயமான விலை வந்த பிறகும் மறுக்க ஒருவனுக்கு உரிமை உண்டா? கேட்பது ஆசைப்பட்ட அரசனாக இல்லாமல், வேலையின்றித் தவிக்கும் ஒரு நகரமாக இருந்தால்?

1980இல் டெட்ராய்ட் அப்படித்தான் கேட்டது. பொதுப் பயன்பாட்டுக்காகத் தனியார் சொத்தை எடுத்தால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தம். பொதுப் பயன்பாடு என்றால் பெரும்பாலும் சாலை, ரயில் பாதை, நீர்த்தேக்கம் என்று பொருள் பழகியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் புதிய கார் ஆலைக்கு இடம் தேடியபோது, போல்டவுன் பகுதியில் 465 ஏக்கரை எடுக்க நகராட்சி அதே அதிகாரத்தைக் கையில் எடுத்தது. போலந்துக் குடியேறிகள் உருவாக்கிய பகுதி அது. பின்னாளில் கறுப்பின மக்களும் அங்கே பெருமளவில் வாழ்ந்தார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற வேண்டியிருந்தது. நகரம் செலவிட்டது 20 கோடி டாலருக்கும் மேல். நிலத்துக்கு நிறுவனம் தந்தது சுமார் 80 லட்சம் டாலர். 1981இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒப்புதல் அளித்தது.

இதை ஆகாபின் ஆசையோடு அப்படியே ஒப்பிடுவது நியாயமல்ல. மேயர் கோல்மன் யங் தனக்கென்று தோட்டம் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த டாட்ஜ் மெயின் ஆலை 1980இல்தான் மூடப்பட்டிருந்தது. ஊரில் வேலை இல்லை. புதிய ஆலை 6,000 வேலைகள் தரும் என்றார்கள். இழப்பீட்டை விருப்பத்தோடு வாங்கிப் போனவர்களும் பலர். சிலருடைய பிடிவாதத்துக்காகப் பல குடும்பங்களின் சோற்றில் மண் போடலாமா என்ற கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் சாலைக்காக வீட்டை இழப்பவனும் அந்தச் சாலையில் நடக்கலாம். அணைக்காக இழப்பவனுக்கும் அந்த நீரில் ஒரு குடிமகனின் பங்கு இருக்கிறது. கார் ஆலையில் அவனுக்கு என்ன பங்கு? எத்தனை பேருக்கு வேலை, எத்தனை ஆண்டுக்கு என்பதையெல்லாம் நிறுவனம்தான் முடிவு செய்யும். 1985இல் ஆலை திறந்தது; சொன்ன 6,000 வரவில்லை. எண்ணிக்கை வந்திருந்தாலும் என் வாதம் மாறாது. வரியும் வேலையும் பெருகுவதே பொதுப் பயன் என்றால், எந்த வீட்டையும்விட ஒரு கடைத்தொகுதி அதிக வரி கட்டும். அப்போது யாருடைய மறுப்புக்கும் மதிப்பில்லை. ஏழையின் மறுப்புக்கு அறவே இல்லை.

வேறு வழியே இல்லை என்பதுதான் இத்தகைய எடுப்புகளின் வழக்கமான நியாயம். அந்த ஆலை வளாகத்துக்குள் இன்றும் பெத் ஓலம் என்ற பழைய யூதக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. யூத மரபில் அடக்கம் செய்தவர்களின் எலும்பை எளிதில் அசைக்க முடியாது. ஆகவே தோட்டத்தை விட்டுவிட்டு ஆலை எழுந்தது. ஆண்டுக்கு இருமுறை, பஸ்கா, யூதப் புத்தாண்டு ஆகியவற்றுக்கு முன்னர் உறவினர்கள் உள்ளே போகிறார்கள். ஆக, ஒரு மறுப்புக்கு வரைபடம் வளைந்து கொடுத்தது. அதே பகுதியின் அமல உற்பவ அன்னை ஆலயத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. கத்தோலிக்க மறைமாவட்டமே கட்டடத்தை விற்றுவிட, உள்ளே அமர்ந்து போராடிய பங்கு மக்களை 1981 ஜூலையில் போலீஸ் வெளியேற்றியது, ஆலயம் இடிக்கப்பட்டது. விற்ற மறைமாவட்டத்துக்குச் சட்டப்படி உரிமை இருந்தது என்பது உண்மை. அதில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்களின் சொல் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை என்பதும் உண்மை.

நிலம் தனிமனிதனுடையது என்பதே சமூகம் வகுத்த ஏற்பாடுதானே, சமூகம் அதைத் திரும்பப் பெறக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு நாபோத்தின் மரபிலேயே பதில் இருக்கிறது. லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரப்படி நிலம் கடவுளுடையது. மனிதர்கள் அதில் தங்குபவர்கள். ஆகவே நாபோத் தன் தோட்டத்துக்கு முழு முதலாளி அல்லன், முன்னோருக்கும் பின்வருவோருக்கும் இடையில் அதைக் காத்து நிற்பவன். ஆனால் அந்தக் கணக்கில் அரசனும் தங்குபவன்தான். நிலம் பொதுவினுடையது என்று சொல்லி ஒரு குடும்பத்திடம் வாங்கி ஒரு கம்பெனியிடம் கொடுத்தால், அது பொதுவுக்குத் திரும்பியதாக ஆகாது. நகரம் கட்டுவதை விவிலியம் எதிர்க்கவும் இல்லை. ஆகாபின் தகப்பன் உம்ரி, சமாரியா நகரை எழுப்பிய மலையைச் சேமேர் என்பவனிடம் இரண்டு தாலந்து வெள்ளிக்கு விலைக்கு வாங்கினான். தகப்பனுக்கு விற்கச் சம்மதித்தவன் கிடைத்தான், மகனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விலையில் இல்லை.

போல்டவுன் தீர்ப்பை மிச்சிகன் உச்ச நீதிமன்றமே 2004இல் செல்லாததாக்கியது. மறு ஆண்டே, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் எதிர்த்திசையில் போனது. அங்கு வளர்ச்சித் திட்டத்துக்காக வீடுகளை எடுத்தும் அந்தத் திட்டம் எழவில்லை. பக்கத்தில் ஆய்வகம் வைத்திருந்த ஃபைசர் மருந்து நிறுவனம் 2009இல் வெளியேறப்போவதாக அறிவித்தது. 2006இல் மிச்சிகன் வாக்காளர்கள் தங்கள் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். பொருளாதார வளர்ச்சிக்காக ஒருவரிடம் எடுத்து இன்னொரு தனியாருக்குத் தருவதற்குத் தடை வந்தது. குடியிருக்கும் வீட்டை எடுத்தால் சந்தை விலையில் 125 சதவீதம் தர வேண்டும் என்றும் வந்தது. இரண்டில் முதலாவதுதான் நீதி. இரண்டாவது, ஆகாப் சொன்ன விலையைச் சற்றே கூட்டித் தருகிறது, அவ்வளவுதான்.